கோதுமை வந்த வழி

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தனி மனிதர் இருவருக்கிடையே அது நல்ல பண்பாடுதான். ஆனால் ஓர் அரசாங்கம் மற்றோர் அரசாங்கத்துக்குக் கொடுக்கும்போது, மாட்டின் பல்லை மட்டுமன்றி, அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும், அக்கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். அயல்நாட்டு உதவி என்பது எந்த நோக்கங்களால் பிறக்கிறது, எந்த வழியாக நம்மை வந்து சேர்கிறது, வந்தபின் என்ன செய்கிறது என்பதைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். உலக மாநாடுகளின் மண்டபத்திலிருந்து தொடங்காமல், நான் பிறந்து வளர்ந்த எல்லை ஊர்களிலிருந்து தொடங்குவது எனக்கும் எளிது, கேட்பவர்களுக்கும் எளிது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் மார்த்தாண்டத்தையும் குழித்துறையையும் கடந்து களியக்காவிளைக்கு வந்தால் அங்கே தமிழ்நாடு முடிகிறது. அப்பால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியங்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று கேரள ஊர்கள் வரிசையாக வருகின்றன. கடைப் பலகையில் எழுத்து மாறுகிறதே தவிர மண் மாறுவதில்லை. அதே செம்மண், அதே தென்னை, அதே மரச்சீனி விளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் இவையெல்லாம் ஒரே திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்க்கவேண்டும் என்ற குரலும் எழுந்ததுண்டு. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. இவ்வாறு ஒரு கோடு விழுந்தது. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலுமாக எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து நின்றன.

மொழிக்காக இடப்பட்ட அக்கோடு, வயிற்றுக்கும் கோடாக மாறியதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டேன். 1960களின் நடுப்பகுதியில் பாறசாலைப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பகல் மணி அடித்ததும் வட்டையிலையில் மஞ்சள் நிறமான உப்புமா விழும். அதற்கு வேண்டிய மாவும், பால்பொடியும், தகர டின்களில் எண்ணெயும் கேர் என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் வழியாக வந்தவை. அமெரிக்க மக்கள் வழங்கியது, விற்பதற்கன்று என்று சாக்கின்மேல் அச்சிட்டிருப்பதாக ஆசிரியர் எங்களுக்குப் படித்துச் சொல்வார். மூன்று மைலுக்கு அப்பால், களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளியில் படித்த என் மாமன் மகனுக்குப் பெரும்பாலும் சோறும் குழம்பும் கிடைத்தன. அங்கே காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நடந்து கொண்டிருந்தது; 1961 முதல் கேர் ஸ்தாபனம் அதற்கும் துணைப்பொருள் வழங்கியது. விடுமுறையில் கூடும்போது, உங்கள் பள்ளிச் சாப்பாடு உயர்ந்ததா, எங்கள் பள்ளிச் சாப்பாடு உயர்ந்ததா என்று எங்களுக்குள் வழக்கு நடக்கும். என் ஆச்சி இருவரையும் கேட்டுவிட்டு, "இத்தனை தூரம் கப்பலேற்றி அனுப்புகிறவன் எதற்காக அனுப்புகிறான்?" என்று ஒருமுறை கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று எங்கள் ஊரில் யாரும் விடை சொல்லவில்லை. இன்று நான் சொல்ல முயல்வது அதற்கான விடையைத்தான்.

அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்ததற்கு ஆதாரமான சட்டம் 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் கையொப்பம் பெற்றது. பொதுச் சட்டம் 480 என்று உலகம் அதை அறியும். அச்சட்டத்தின் முழுப்பெயர் வேளாண்மை வர்த்தக வளர்ச்சி மற்றும் உதவிச் சட்டம் என்பதாகும். பெயரில் வர்த்தகம் முன்னே நிற்கிறது, உதவி பின்னே வருகிறது. அந்நாளில் அமெரிக்க உழவர்களிடமிருந்து அந்நாட்டு அரசாங்கம் உறுதி செய்த விலைக்கு வாங்கிய தானியம் களஞ்சியங்களில் மலைபோல் குவிந்திருந்தது. உள்நாட்டில் விற்றால் விலை வீழும். உழவர்களின் வாக்கும் போகும். அழிக்கவும் மனம் வராது. பசித்த நாடுகளுக்கு அனுப்பினால் களஞ்சியம் காலியாகும், நாளைய சந்தை உருவாகும், நல்ல பெயரும் கிடைக்கும். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நாம் சொல்வோமே, அதில் ஏறக்குறைய பாதி உண்மை இங்கே உண்டு. அதே 1954ஆம் ஆண்டில் இயற்றிய மற்றொரு சட்டம், அரசாங்கச் செலவில் செல்லும் இத்தகைய சரக்கில் பாதியையேனும் அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்றவேண்டும் என்று விதித்தது. உழவருக்கு ஒரு பங்கு, கப்பற்காரருக்கு ஒரு பங்கு என்று பிரித்த பின்னரே பசித்தவன் இலைக்கு அது வந்து சேர்ந்தது.

இதைச் சொல்வதனால் அந்த உப்புமாவின் மதிப்பை நான் குறைத்துப் பேசுவதாக நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் மட்டுமே இருந்த நாட்களில், பள்ளிக்கூடத்து உப்புமாவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பின்னர் ஆசிரியர்களானார்கள். உதவியின் நோக்கம் கலப்பானதாக இருந்தாலும் அது ஆற்றிய பசி கலப்பற்ற உண்மை. ஆகவே உதவி நல்லதா தீயதா என்று கேட்பதைவிட, அதை எவ்வளவு, எப்போது, எவருக்கு என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்பதே பயன் தரும்.

திருவிதாங்கூரும், பின்னர் கேரளமும், தமக்கு வேண்டிய அரிசியைத் தாமே விளைவித்துக்கொண்டதில்லை. மலைப்பயிரும் தென்னையும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. திருவிதாங்கூரில் பலர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். தொலைவிலுள்ள களஞ்சியத்தை நம்பி வாழ்வதன் ஆபத்தை அம்மக்கள் அன்றே அறிந்தார்கள். சுதந்தரத்துக்குப் பிறகு 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரே உணவு மண்டலமாகச் சேர்க்கப்பட்டபோது அரிசி தடையின்றிப் போய்வந்தது. 1960களின் நடுவில் அந்த மண்டலம் கலைந்து, ஒவ்வொரு மாநிலமும் தன் நெல்லைத் தானே காத்துக்கொள்ளத் தொடங்கியதும், நாஞ்சில் நாட்டு நெல்லுக்கும் நெய்யாற்றின்கரை அடுப்புக்கும் நடுவே காவல் நின்றது. கேரளத்தில் ரேஷன் முறை வந்தது. ரேஷன் அரிசி குறைக்கப்பட்டபோது 1966 ஜனவரியில் கேரளமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அரிசிக்குக் குறைவு ஏற்பட்ட இடத்தைக் கோதுமை நிரப்பியது. சோறுண்டு பழகிய எங்கள் வீடுகளில் அதைக் கஞ்சியாக வைப்பதா, மாவாக அரைப்பதா என்று பெண்கள் தடுமாறினார்கள்.

அதே ஆண்டுகளில் இந்தியாவெங்கும் மழை பொய்த்தது. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளிலும் விளைச்சல் வீழ்ந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியத்தை நாம் அயலிலிருந்து தருவித்தோம்; அதன் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்நாளைய வாழ்க்கையைப் பத்திரிகைகள் வருணித்தன. அந்த வேளையில்தான் குடியரசுத் தலைவர் ஜான்சன், இந்தியாவுக்குப் பல ஆண்டுகளுக்கான உடன்படிக்கை செய்வதை நிறுத்தி, சில மாதங்களுக்கு வேண்டிய தானியத்தை மட்டும் அவ்வப்போது தாமே பார்த்து அனுமதிக்கும் முறையைக் கையாண்டார். கயிற்றைக் குட்டையாகப் பிடிப்பது என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. அவர் கேட்டவற்றுள் ஒன்று, இந்தியா தன் வேளாண்மைக்கு அதிகம் செலவிடவேண்டும் என்பது. அது நமக்கும் நன்மையானதே. உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அதற்கு முன்னரே அந்தக் கொள்கையை வகுத்துக்கொண்டிருந்தார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண்மைச் செயலாளர் பிரீமனோடு அதைப் பற்றி உடன்பாடும் செய்துகொண்டார். ஆனால் கயிற்றின் மற்றொரு புரி வியட்நாம். 1966 ஜூலையில் வடவியட்நாமின்மீது குண்டு போடுவதை நிறுத்தவேண்டும் என்று இந்தியா கூறியது. அது ஜான்சனுக்குக் கசந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை புதிய கோதுமைக்கு அவர் அனுமதி தரவில்லை. அதற்குமுன், ஜூன் 6ஆம் நாள், உலக வங்கியும் உதவி நாடுகளும் வற்புறுத்தியதன்பேரில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டிருந்தது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசாயிற்று.

இதை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் வயலில் மழை பெய்யாததற்கும் வியட்நாமில் குண்டு விழுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பசியின் அளவு மாறவில்லை. மாறியது கொடுப்பவரின் மனம். அந்த உதவி பசியைக் கண்டு வந்திருந்தால், பசி மிகுந்த மாதங்களில் அது மிகுந்திருக்கவேண்டும். அரசியலைக் கண்டு வந்ததனால்தான் அரசியல் கசந்த மாதங்களில் அது நின்றது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது இதற்குப் பொருந்தும் பழமொழி.

அமெரிக்காவை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. அந்நாளைய உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடந்தது. பொக்காரோவில் பொதுத்துறையில் உருக்காலை அமைக்க இந்தியா அமெரிக்காவிடம் உதவி நாடியபோது, அரசாங்கமே நடத்தும் ஆலைக்கு நம் வரிப்பணமா என்று அங்கே எதிர்ப்பு மூண்டது. 1963இல் இந்தியா தன் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உடனே சோவியத் நாடு அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, 1965இல் உடன்படிக்கை செய்தது. சோவியத் உதவியும் நட்பின் கணக்கில்தான் எழுதப்பட்டது. அந்த நட்புக்கு உலக மன்றங்களில் ஒரு விலை இருந்தது. உதவியின் மறைவிலே வேறு பணமும் நடமாடியது உண்டு. 1973 முதல் 1975 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிகன், 1978இல் வெளியிட்ட தம் நூலில், கேரளத்திலும் மேற்கு வங்காளத்திலும் கம்யூனிஸ்டு ஆட்சியை எதிர்க்க அமெரிக்கப் பணம் இருமுறை காங்கிரஸ் கட்சிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதினார். இந்திரா காந்தி அதை மறுத்தார். இன்றுவரை விவாதம் தீரவில்லை. ஆயினும் 1957இல் வாக்குச்சீட்டின் மூலம் பதவிக்கு வந்து 1959 ஜூலை 31ஆம் நாள் கலைக்கப்பட்ட கேரள அமைச்சரவையின்மீது தொலைதூரத் தலைநகரங்களின் கண் இருந்தது என்பதில் ஐயமில்லை.

பெரிய வல்லரசுகளை விடுங்கள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத சிறிய நாடு கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. 1952 அக்டோபரில் நார்வே நாடும் இந்தியாவும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் இந்திய நார்வேத் திட்டம் தொடங்கியது. அது நார்வே நாடு மேற்கொண்ட முதல் வளர்ச்சி உதவித் திட்டம். அதற்கும் ஓர் உள்நாட்டு அரசியல் இருந்தது. நார்வே 1949இல் வட அட்லாண்டிக் இராணுவக் கூட்டணியில் சேர்ந்ததை ஆளும் தொழிற்கட்சிக்குள்ளேயே பலர் விரும்பவில்லை. துப்பாக்கிக்கு மட்டுமன்றி ஏழை நாட்டுக்கும் பணம் தருகிறோம் என்று தம் கட்சியாருக்குக் காட்ட அந்த அரசாங்கத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நோக்கம் நல்லதே, எனினும் நீண்டகரை மீனவரின் தேவையிலிருந்து மட்டும் அது பிறக்கவில்லை.

மருத்துவமனை, குடிநீர், பனிக்கட்டி ஆலை, இயந்திரப் படகு எல்லாம் வந்தன. அந்த ஊர்களின் நோய் குறைந்தது. ஏழை மீனவனின் வருவாயை உயர்த்துவதே திட்டத்தின் எண்ணம். ஆனால் சில ஆண்டுகளில் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை கிடைத்தது. இயந்திரப் படகும் இழுவலையும் அந்த விலையைத் தொடர்ந்து ஓடின. படகு வாங்கப் பணமுள்ளவர், மீன்பிடித்தலைப் பரம்பரையாக அறியாதவர்கூட, முதலாளிகளானார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடலோரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பொழியூரிலும் பூவாறிலும் புல்லுவிளையிலும் கட்டுமரமும் கரமடியும் கொண்டு பிழைத்தவர்களுக்கு அந்தப் படகுகளைக் கட்டி நிறுத்தத் துறைமுகம் கிடையாது. அலை மோதும் திறந்த கரைதான் உண்டு. அவர்கள் தங்கள் மீனை வேறொருவர் இழுத்துச் செல்வதைக் கண்டார்கள். நீண்டகாலப் போராட்டத்துக்குப் பிறகு 1988 முதல் கேரள அரசாங்கம் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை விதித்து வருகிறது. இதிலிருந்து தெரிவது என்ன? உதவி வெறுமையான நிலத்தில் விழுவதில்லை. பெறும் இடத்தில் யாரிடம் பணமும் செல்வாக்கும் துறைமுகமும் உண்டோ, அவர் பக்கமே சரிந்து ஓடுகிறது. கொடுப்பவரின் அரசியல் வாசலோடு நின்றுவிடலாம். பெறுபவரின் அரசியல் வீட்டுக்குள்ளே தொடர்கிறது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. நெய் பிறருடையதானாலும், எந்த இலைக்கு எவ்வளவு என்பது பரிமாறும் கையைப் பொறுத்தது. பொதுச் சட்டம் 480இன்படி வந்த கோதுமைக்குப் பெரும்பாலும் நாம் ரூபாயிலேயே விலை கொடுத்தோம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேர்ந்து பெருகியது; 1974இல் அதில் 1,664 கோடி ரூபாயை அமெரிக்கா இந்தியாவுக்கே விட்டுக் கொடுத்தது. ஆனால் மலிவான கோதுமை கையருகே இருந்தவரை, நம் உழவனுக்கு நல்ல விலையும் நீரும் விதையும் கொடுக்கும் அவசரம் ஆட்சியாளருக்குத் தோன்றவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் பலர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நகரத்தின் ரேஷன் கடையில் அமைதி நிலவினால் போதும் என்பது பரிமாறியவரின் கணக்கு.

மறுப்பதிலும் அரசியல் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தர முன்வந்திருப்பதாகக் கேரள முதலமைச்சர் அறிவித்தார். அத்தகைய தொகை எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்று அந்நாட்டுத் தூதர் பின்னர் கூறினார். அதற்குள், அயல் அரசாங்கங்களின் உதவியை ஏற்பதில்லை என்பது 2004 கடற்கோளுக்குப் பிறகு வந்த கொள்கை என்று மத்திய அரசாங்கம் தெரிவித்துவிட்டது. தன் காலில் நிற்கும் நாடு என்ற பெருமை ஒருபுறம். வளைகுடாவில் உழைத்து அந்நாட்டை உருவாக்கிய மலையாளிகளுக்கு அந்நாடு காட்டும் நன்றியைத் தடுப்பதா என்ற கேள்வி மறுபுறம். எது சரி என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. வெள்ளத்தில் வீடிழந்தவரைக் கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அப்படியானால் விடுதலை எவ்வாறு கிடைத்தது? கயிறு குட்டையான ஆண்டுகளிலேயே அதற்கான வேலையும் தொடங்கியது. 1965 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. உழவனுக்கு உறுதியான விலை, அரசாங்கத்துக்குச் சொந்தமான கையிருப்பு, வீரிய விதை என்ற மூன்றும் சேர்ந்தபோது, சில ஆண்டுகளில் இறக்குமதி சுருங்கியது. பள்ளிப்பிள்ளைகளின் உணவும் அவ்வாறே நம் பொறுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் சத்துணவுத் திட்டத்தைத் தன் கருவூலத்தைக் கொண்டே தொடங்கியது. கேரளத்தில் 1984 டிசம்பரில் கடலோரக் கிராமப் பள்ளிகளில் அரசாங்கமே மதிய உணவு வழங்க முற்பட்டது. எந்தத் தலைநகரத்தின் கோபத்தாலும் பிள்ளைகளின் இலை காலியாகாது என்ற நிலை அன்று தொடங்கிற்று.

ஆனால் நம் கையிலுள்ள உணவிலும் அரசியல் இல்லாமற் போய்விடவில்லை. எங்கள் எல்லையில் இன்றும் அதைக் காணலாம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. கோட்டுக்கு இப்பால் அரிசி விலை அதிகம். ஆகவே களியக்காவிளை வழியாகவும் ஊடுவழிகள் வழியாகவும் அந்த அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவதும், காவலர் பிடிப்பதும் செய்தித்தாளில் வழக்கமான செய்தி. நெய்யாற்று நீரும் அப்படித்தான். நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004 முதல் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஒரே மொழியும் உறவும் கலந்த அண்டை ஊர்களுக்கிடையிலேயே பகிர்வு இவ்வளவு கடினமென்றால், கடல் கடந்த பகிர்வில் அரசியல் கலப்பதைக் கண்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை.

இன்று நாமே கொடுப்பவர்களாகவும் ஆகியிருக்கிறோம். 2022இல் இலங்கை பொருளாதாரச் சரிவில் தத்தளித்தபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. இந்துமாக்கடலில் சீனத்தின் செல்வாக்கும் அந்த முடிவின் பின்னணியில் இருந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் 40,000 டன் அரிசியும், 500 டன் பால்பொடியும், மருந்துகளும் அனுப்ப முடிவு செய்தது. இலங்கைத் தமிழருக்கு அனுப்பலாம் என்பதே முதலில் எழுந்த எண்ணம். தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழர்களே. ஏப்ரல் மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானம் இலங்கை மக்கள் அனைவரையும் கருதியது. மே 18ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் புறப்பட்டது. இச்செய்தியைக் கேட்டபோது எனக்கு என் ஆச்சியின் கேள்வி நினைவுக்கு வந்தது. கப்பலேற்றுகிறவர்கள் இப்போது நாம்; எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கு நாமும் விடை சொல்லவேண்டும். அவ்விடையைத் திருத்தித் தந்தவர்கள் கொடுத்தவர்கள் அல்லர், பெற்றுக்கொள்ளவிருந்தவர்கள். இத்தகைய உதவியில் அது அரிதாக நிகழ்வது. நிகழும்போது உதவி நேர்வழியில் செல்கிறது.

நாம் கண்டது எல்லை ஊரின் தனி அனுபவம் அன்று. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் ஈராண்டுக்கு உறுப்பினராகும் நாடுகளுக்கு, அந்த ஈராண்டில் அமெரிக்க உதவி சராசரியாக 59 விழுக்காடு கூடுகிறது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. உறுப்பினர் பதவி முடிந்ததும் உதவி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டில் அந்நாட்டில் வறுமை கூடவும் இல்லை, பின்னர் குறையவும் இல்லை. கூடியதும் குறைந்ததும் ஒரு வாக்கின் மதிப்புத்தான். 2025 ஜனவரியில், புதிதாகப் பதவியேற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் முதல் நாளிலேயே இட்ட ஓர் ஆணையால் உலகெங்கும் அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுத்தி வைக்கப்பட்டது. 1961 முதல் இயங்கிய அந்நாட்டு உதவி நிறுவனம் 2025 ஜூலை முதல் நாளோடு தனி அமைப்பாக இல்லாமற் போயிற்று. உணவும் மருந்தும் கிடங்குகளிலேயே தேங்கின. 1966இல் நாம் கண்ட குட்டைக் கயிறு, இம்முறை பல ஏழை நாடுகளில் அறுந்தே போயிற்று.

ஆகவே உதவியை வெறுக்கவேண்டாம், வணங்கவும் வேண்டாம். அது வரும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேட்போமாக. கொடுப்பவர் வீட்டில் இதனால் யாருக்கு நன்மை? நம் வீட்டில் இதைப் பரிமாறும் கை யாருடையது? நாளை இது நின்றால் நம் இலையில் என்ன இருக்கும்? இவற்றுள் மூன்றாவது கேள்வியே தலையாயது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் முதலிரண்டுக்கும் விடை பிறரிடத்திலும் இருக்கலாம். மூன்றாவதற்கு விடை நம்மிடத்தில் மட்டுமே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நான் படித்த பள்ளிக்குப் போயிருந்தேன். நண்பகல் மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள்; சோறும் பருப்பும் விழுந்தன. மூலையில் பழைய எண்ணெய் டின் ஒன்று, மேற்புறம் வெட்டப்பட்டு, தண்ணீர் மொள்ளும் பாத்திரமாகக் கிடந்தது. அதன்மேல் என்ன எழுதியிருந்தது என்பது துருவேறி மறைந்துவிட்டது. அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். அவள் என்னை வியப்போடு பார்த்து, "இங்கேதானே சமைக்கிறார்கள்" என்றாள். அவளுக்கு வேறு விடை தெரியவேண்டிய அவசியம் இல்லை. அந்த அவசியம் மீண்டும் வராமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களாகிய நம் கடமை.